“நிக்கிற காலைக் காட்டுங்க, மிஸ்டர் சவரிமுத்து!”

போன மாதம் பிரகாஷ் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். என்ஜினியரிங் படித்தவன், ஆனாலும் நல்ல பையன்.

“அண்ணே, மிஷினு மக்கர் பண்ணுதுண்ணே.”

“எந்த மிஷினுபா? எனக்குப் பதிலா வந்துச்சே, அதுவா?”

“அதேதாண்ணே. காலைல ஒண்ணு சொல்லுது, சாயங்காலம் வேற ஒண்ணு சொல்லுது. வித்தவன் வந்து பாத்துட்டு எல்லாம் கரீட்டா கீதுன்னுட்டுப் போய்ட்டான். நீங்க ஒருக்கா வந்து ஒரு ஒதை வுட்டுப் பாத்தா தேவலைண்ணே.”

போனை வைத்துவிட்டுக் கூடத்தில் இரண்டு தரம் சும்மா நடந்தேன். எனக்கு வயது அறுபத்தொன்று. இந்த வயதில் ஒருவனை வண்டி அனுப்பி உதைக்கக் கூப்பிடுகிறார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய கௌரவம் என்பது உதைத்துச் சம்பாதித்தவனுக்குத்தான் தெரியும்.

அடியாள் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எர்ணாவூரில் ஒரு சின்னத் தொழிற்சாலை. கராத்தே வகுப்புகளுக்கு வேண்டிய சாமான்கள் செய்வார்கள். அதில் முக்கியமானது கிக் பேடு. ரெக்சின் துணிக்குள் ஸ்பாஞ்சு அடைத்த, நெஞ்சகலத் தலையணை. ஒருவர் அதைப் பின்பக்கப் பட்டியில் கைநுழைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார், இன்னொருவர் எதிரே நின்று உதைத்துப் பழகுவார். பேடு நன்றாக இருந்தால் பிடித்திருப்பவர் வீட்டுக்கு நடந்து போவார். இல்லாவிட்டால் ஆட்டோவில் போவார். எந்தப் பேடு எப்படி என்று உதைத்துப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. இருபத்தாறு வருடம் பார்த்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் “மாப்பிள்ளை என்ன பண்றாரு?” என்று கேட்ட என் மாமனாரிடம் “உதைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு நான் பட்ட பாடு தனிக்கதை.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ராயபுரத்தில் எங்கள் கோயில் ஹாலில் கராத்தே கற்று பிரவுன் பெல்ட் வரைக்கும் வந்தேன். கறுப்பு பெல்ட் பரீட்சைக்கு முதல்நாள் அம்மை போட்டுவிட்டது. அப்புறம் கம்பெனியில் ரெக்சின் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. நாலு பேர் இழுத்தும் வரவில்லை. நான் ஒரு உதை விட்டேன், மேலே போனது. மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “இனிமே நீ கத்திரிக்கோல தொடாத” என்றார்.

என்னோடு கூட வேலை பார்த்தவர் காதர் பாய். தண்டையார்பேட்டைக்காரர், ஹார்பரில் லோடு ஏற்றி இறக்கி உரமேறிய உடம்பு. பேடைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்பது அவர் வேலை. நான் பேடின் நடுவில் மூன்று நேர் உதை, ஓரங்களில் மும்மூன்று சுற்று உதை விடுவேன். அவர் கண்ணை மூடி, வயிற்றைக் கேட்டு, ஒரு நம்பர் சொல்வார். பூஜ்யம் என்றால் கொசு. பத்து என்றால் ஜனாஸா, ஆளை அடக்கம் பண்ணிவிடலாம். நாலு என்றால் நல்ல பேடு, அனுப்பலாம். ஆறு என்றால் பிரித்துப்போட வேண்டியதுதான். என் காலும் அவர் வயிறும்தான் கம்பெனியின் மொத்த ஆய்வுக்கூடம். என்னுடைய ஒரு முழு உதைக்குக் கம்பெனியில் “ஒரு சவரி” என்று பெயர். “இந்த பேடு ஒண்ணரை சவரி தாங்கும்” என்று பேசிக்கொள்வார்கள். வேறு எவன் பேரில் அளவு இருக்கிறது, சொல்லுங்கள்?

இப்படி ராஜாவாக இருந்த எனக்கு மேலே தமயந்தி மேடம் வந்து சேர்ந்தார். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. வயது இருபத்துநாலு. கழுத்தில் எப்போதும் தையல்காரர் போல ஒரு அளவு நாடா. முதல் நாளே என்னிடம் வந்து, “அண்ணா, நீங்க எப்படி உதைக்கிறீங்க?” என்று கேட்டார்.

“காலால மேடம்.”

காதர் பாய் பேடுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். மேடம் சிரிக்கவில்லை. “எந்தக் காலால?” என்றார்.

“வலது காலால.”

“அப்போ இடது கால் சும்மா நிக்குதா?”

“பின்ன, அதையும் தூக்குனா வுழுந்துர மாட்டேனா?”

அவர் உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். ரெக்சின் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தூவும் வெள்ளைச் சாக்பீஸ் தூள், எங்கள் பாஷையில் சாக்குத்தூள். அதைத் தரையில் சலித்துப் பரப்பி, அதன்மேல் என்னை நிறுத்தி, ஒரு சுற்று உதை விடச் சொன்னார். விட்டேன். பேடு அதிர்ந்தது, காதர் பாய் “நாலு” என்றார். மேடம் பேடைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து என் இடது கால் இருந்த இடத்தைப் பார்த்தார். விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டை மையமாக வைத்துக் குதிகால் அரைவட்டம் போட்டிருந்தது. பனையோலை விசிறியை விரித்து வைத்தது போல ஒரு தடம்.

“இதுதான் உங்க உதை” என்றார் மேடம்.

அன்றைக்கு அவர் விளக்கியதைப் பத்து வருடம் கழித்துத்தான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன். சுற்று உதையில் வலது கால் கடைசியாக வருகிற ஆள். முதலில் முழங்கால் மடிந்து மேலே வரும். அதே நேரம் நிற்கிற காலின் குதி தரையைவிட்டு நூலளவு எழும்பி, உதை வாங்குகிறவன் பக்கமாகத் திரும்பும். குதி திரும்பினால்தான் இடுப்பு திறக்கும். இடுப்பு திறந்தால்தான் தொடை வீசும். தொடை வீசி நிற்கும்போது அந்த வேகம் முழுக்க முழங்காலுக்குக் கீழே இறங்கி, ஈரத்துண்டை உதறினால் நுனி சொடுக்குகிறதே, அதுபோலப் பாதம் போய்ச் சொடுக்கும். நிற்கிற கால் திரும்பாவிட்டால் எல்லாம் இடுப்போடு நின்றுபோகும், மிச்சத்தை முழங்கால் மூட்டு வாங்கிக்கொள்ளும். நேர் உதைக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகக் கிடையாது. அது கதவைத் தள்ளுகிற மாதிரி, நேராகப் போய் நேராக வருவது.

இத்தனையும் சொன்ன மேடம் வாழ்க்கையில் ஒரு கல்லைக்கூட உதைத்தது கிடையாது. தெருநாய் வந்தால் நின்று வழிவிடுவார். குரலை உயர்த்த மாட்டார். சாதாரணமாக என்னை “அண்ணா” என்பார். கோபம் வந்தால் “மிஸ்டர் சவரிமுத்து” என்பார். பதின்மூன்று வருடத்தில் எனக்கு முழுப்பேர் கிடைத்தது நாலே தரம்தான். அதில் மூன்று, ஒரே வாரத்தில். அந்த வாரத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அது நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முந்தி. என் மனைவி ரெஜினா காசிமேட்டில் மீன் விற்பவள். அவள் குரலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். “வஞ்சிரம்” என்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் போட்டில் வலை மடிக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். எங்கள் தெருவில் அலாரம் வைத்து எழுந்தவன் எவனும் கிடையாது. அந்தக் குரல் போய்விட்டது. தொண்டையில் சின்னக் கட்டி, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் மூன்று மாதமாகியும் குரல் வரவில்லை. “வரலாம், வராமலும் போகலாம், பொறுங்க” என்றார் டாக்டர். கூடையைத் தட்டித் தட்டி வியாபாரம் பண்ணினாள். பழைய வாடிக்கைகளே பக்கத்துக் கூடைக்குப் போனார்கள். வீட்டில் கைதட்டிப் பேசினாள். ஒரு தட்டு என்றால் “வா.” இரண்டு தட்டு என்றால் “மடையா.” பெரும்பாலும் இரண்டுதான்.

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குரல் கொஞ்சம் குறையாதா என்று ஏங்கியவன் நான். இப்போது வீட்டுக்குள் நுழைந்தால் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்குத் தாங்கவில்லை. சோறு இறங்கவில்லை. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு மாதா முன்னால் மண்டியிட்டு வேண்டிக்கொண்டேன். ஈஸ்டர் வரைக்கும் காலில் செருப்புப் போட மாட்டேன், அவ குரலைத் திருப்பிக் கொடு தாயே என்று. திட்டுறதுக்காவது திருப்பிக் கொடு என்றும் சேர்த்துக்கொண்டேன்.

வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அதிலும் ரெஜினாவுக்குத் தெரியவே கூடாது. அதனால் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொள்வேன். தெருமுனை திரும்பியதும் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்துவிடுவேன். சாயங்காலம் அதே முனையில் எடுத்து மாட்டிக்கொள்வேன். கம்பெனியில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நாங்கள் உதைப்பது எப்போதுமே வெறுங்காலில்தானே!

ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலை மாதா கோயில் முற்றம் இல்லை. கன்டெய்னர் லாரிகள் போட்டுவிட்டுப் போன ஆணி, கம்பித்துண்டு, உருகிய தார். பங்குனி வெயில் வேறு. மூன்றாவது வாரமே இடது பாதத்தில், விரல் மேட்டில், ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம் வந்து உடைந்து புண்ணாகிவிட்டது. ரெக்சினுக்கு ஒட்டும் டேப்பை ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். அங்கே ஊன்றித் திரும்பினால் உயிர் போனது. ஆனால் நான் திரும்பாமல் உதைக்கிறேன் என்று சத்தியமாக எனக்கே தெரியாது. முன்பைவிட அதிகமாக மூச்சு வாங்கியது, வியர்த்தது. அதனால் நன்றாகவே உதைக்கிறேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் புழலில் ஒரு கராத்தே வகுப்பிலிருந்து பன்னிரண்டு பேடுகள் திரும்பி வந்தன. நடுவில் உதைத்தால் சரியாக இருக்கிறதாம். ஓரத்தில் உதைத்தால் அடிவரை அமுங்கிப் பிடித்திருப்பவர் முழங்கையைப் பதம் பார்க்கிறதாம். மாஸ்டரே கையில் கட்டோடு வந்திருந்தார். பன்னிரண்டிலும் எங்கள் முத்திரை. எல்லாம் தவக்காலத்தில் நானும் பாயும் “நாலு” போட்டு அனுப்பியவை.

முதலாளி, பேடை உதைத்துச் சோதிக்கிற ஒரு மெஷினின் வண்ணப்படத்தை மேஜைமேல் விரித்துவைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். அந்த வருடம் பார்த்துத் தவக்காலமும் ரம்ஜான் நோன்பும் ஒன்றாக வந்திருந்தன. நான் தயிர்சோற்றில் காலம் தள்ளுகிறேன். காதர் பாய் எச்சிலைக்கூட விழுங்குவதில்லை.

“ஒருத்தன் காலு பட்டினி, ஒருத்தன் வயிறு பட்டினி. நான் யாரைன்னு கேக்கறது? மிஷினுக்கு நோன்பும் கிடையாது, ஒருசந்தியும் கிடையாது” என்றார் முதலாளி.

“இன்னா சார் இப்டி சொல்டீங்க! நாப்பது வருசமா நோன்பு வைக்கிறேன். எந்த வருசம் நம்பர மாத்திச் சொன்னேன்?” என்று காதர் பாய் சிலிர்த்துக்கொண்டார்.

மேடம் நடுவில் வந்தார். “சார், எட்டு நாள் குடுங்க. தப்பு எதுலன்னு கண்டுபிடிக்கிறேன். பேடுலயா, பாய்கிட்டயா, அண்ணாகிட்டயான்னு தெரியாம மெஷின் வாங்கினாலும் அதே தப்புதான் வரும்.”

“எட்டு நாள்தான். ஆளுகிட்டன்னு தெரிஞ்சா ஆளு வீட்டுக்குப் போயிரணும்” என்றார் முதலாளி. எட்டாவது நாள் பெரிய வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமையில் வந்தது.

முதலில் காதர் பாயைச் சோதித்தார். கூரை விட்டத்தில் கயிறு கட்டி ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டார். சுவரில் ஒரு கோடு போட்டு, கோடு வரை மூட்டையை இழுத்து விட்டால் அது ஊஞ்சலாக வந்து பேடில் மோதும். கோடு மாறாது, மூட்டை மாறாது, அதனால் அடியும் மாறாது. பேடுகூட மாறாத பேடு. ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிக்காக ஒரு நல்ல பேடை மேடம் தன் பீரோவில் படுக்கை விரிப்பில் சுற்றி வைத்திருப்பார். மாதம் ஒரு தரம்தான் வெளியே எடுப்பார். அதைப் பாயிடம் கொடுத்து, காலை எட்டு மணிக்கு மூட்டையை விட்டார். பாய் “நாலு” என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்கு, நோன்பு உச்சத்தில் முகம் வாடியிருந்தபோது விட்டார். “நாலு.” மூன்று நாள் ஆறு வேளையும் நாலு, நாலு, நாலு.

“பாய் வயிறு சுத்தம்” என்று மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார். காதர் பாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனவர் கேன்டீன் வரைக்கும் அதை இறக்கவில்லை.

நாலாவது நாள் என் முறை. அதே மாதிரிப் பேடு. மூன்று நேர் உதை விட்டேன். “நாலு” என்றார் பாய். மூன்று சுற்று உதை. உயிரைக் கொடுத்து விட்டேன். பாய் கண்ணை மூடினார், மூடினவர் திறக்கவே இல்லை.

“சொல்லுங்க பாய்” என்றார் மேடம்.

“மேடம்… வேணாம் மேடம்.”

“சொல்லுங்க.”

“நோன்பு வச்ச வாயி மேடம், பொய் சொல்ல மாட்டேன்.” என்னைப் பார்க்காமல் சொன்னார். “ரெண்டு.”

“இன்னா பாய், தோஸ்துன்னு பாக்காம வாரி வுட்டியே! ரெண்டா? ஒன் கண்ணு முன்னால தான ஒதைச்சேன்?”

“மாமு, நீ ஒதைக்கல மாமு. தடவிக் குடுத்த” என்றார் அவர் பரிதாபமாக. அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

மேடம் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தார். “பட்டினின்னா நேர் உதையும் குறையணும். நேர் உதை குறையலை. சுற்று உதை மட்டும் பாதியாப் போயிருக்கு. அப்போ கோளாறு பலத்துல இல்லை, திரும்புறதுல” என்றார். மறுநாள் என் இடுப்பெலும்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் சாக்கட்டியால் புள்ளி வைத்துப் போனில் மெதுவாக ஓடும்படி படம் பிடித்தார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். முழங்கால் அழகாக மடிகிறது, அழகாக நீள்கிறது, அழகாகத் திரும்பி வருகிறது. முதலாளிகூட “நல்லாத்தானே இருக்கு” என்றார். உதைப்பதையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனியில் இருபது பேரும் உதைக்கிற காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேடம்தான் திடீரென்று தலையில் தட்டிக்கொண்டு சாக்குத்தூள் டப்பாவை எடுக்க ஓடினார்.

தூளைச் சலித்தார். நின்றேன். உதைத்தேன். காலை எடுத்தேன். விசிறி இல்லை. தோசைக்கல்லில் ஒற்றை ஊத்தப்பம் மாதிரி அசையாத ஒரு பாதம், அவ்வளவுதான்.

“அண்ணா, இடது காலைத் தூக்கிக் காட்டுங்க.”

“அது எதுக்கு மேடம்?”

“பாதத்தைப் பார்க்கணும்.”

காட்டினால் புண் தெரியும். புண் தெரிந்தால் எப்படி என்று கேட்பார். சொன்னால் வேண்டுதல் போச்சு. ஈஸ்டருக்கு நாலு நாள்தான் பாக்கி. ரெஜினாவின் தொண்டை என் உள்ளங்காலில் இருக்கிறது என்று அப்போது நான் உறுதியாக நம்பினேன்.

“காட்ட மாட்டேன்” என்றேன்.

“நிக்கிற காலைக் காட்டுங்க, மிஸ்டர் சவரிமுத்து!”

“வேலையே போனாலும் காட்ட மாட்டேன் மேடம்.”

“மிஸ்டர் சவரிமுத்து, நான் உங்க பக்கம்தான் நிக்கிறேன்.”

“தெரியும் மேடம். ஆனா காட்ட மாட்டேன்.”

மூன்றாவது தரம் அவர் என் பேரைச் சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. எனக்கும் அழுகை வந்தது. முதலாளி வந்தார். “சனிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்குள்ள காலைக் காட்டலைன்னா ஆளு வேணாம், மிஷின் வாங்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருவன் உள்ளங்காலைக் காட்டாததற்காக வேலை இழப்பது உலகத்திலேயே நான்தான் முதல் ஆளாக இருப்பேன்.

வியாழன் போனது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஊர்வலம், அதையும் வெறுங்காலில் நொண்டி நொண்டி முடித்தேன். சனிக்கிழமை காலையில் கம்பெனி வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. முன்னால் காதர் பாய் இறங்கினார். பின்னால் ரெஜினா. மீன் செதில் ஒட்டிய சேலையோடு, கூடையைக்கூட விட்டுவிட்டு அப்படியே வந்திருந்தாள். நான் பேசாமல் போனாலும் என் தோஸ்து சும்மா இருக்கவில்லை. காசிமேட்டுக்கே போய், “ஒன் வூட்டுக்காரன் வேலை போவப்போவுது, காலக் காட்டமாட்டேன்னு அடம் புடிச்சுகினு கீறான்” என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டார்.

ரெஜினா நேராக என்னிடம் வந்தாள். இரண்டு தட்டுத் தட்டினாள். மடையா. காலைக் காட்டச் சொல்லிச் சைகை செய்தாள். நான் தலையாட்டி மறுத்தேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. மீன் புதுசா பழசா என்று பார்க்கச் செவுளைப் பிடித்துத் திருப்புவாளே, அந்தப் பிடி பிடித்து என் கணுக்காலை வாரித் தூக்கினாள். நான் மல்லாந்து கிக் பேடு அடுக்கின்மேல் விழுந்தேன். டேப்பைப் பிய்த்தாள்.

புண்ணைப் பார்த்தாள். வெடிப்பை, கறுத்துப்போன தாரை, கல் கிழித்த கோடுகளைப் பார்த்தாள். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்திருப்பாள் போல. என் முகத்தைப் பார்த்தாள். எதற்காக என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாதாவே சாட்சி.

அவள் தொண்டை ஏறி இறங்கியது. துருப்பிடித்த ஷட்டரைத் தூக்குவது போல ஒரு கரகரப்பு வந்தது.

“யோவ்…”

தையல் மெஷின்கள் நின்றன.

“யோவ்! செருப்பு எங்கய்யா?”

நான் சாப்பாட்டுப் பையைக் காட்டினேன். காதர் பாய் கைவிட்டு எடுத்தார். முதலில் தயிர்சோற்று டப்பா வந்தது, அப்புறம் பிளாஸ்டிக் சுற்றிய ஒரு ஜோடி செருப்பு வந்தது. கம்பெனியே சிரித்தது. ரெஜினா சிரிக்கவில்லை. “சோத்தோட சோத்தா செருப்ப வச்சுத் துன்னுகினு இருந்தியாய்யா? ஒனக்கு அறிவு கீதா? கால இப்டி கலீஜ் பண்ணிகினு, எனுக்கு கொரலு எதுக்குய்யா, கொரலு!” என்று கத்திக்கொண்டே என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இத்தனை இனிமையான வசவை நான் அதற்குமுன் கேட்டதில்லை. குரல் ஈஸ்டருக்கு ஒரு நாள் முந்தியே வந்துவிட்டது.

அழுகை ஓய்ந்ததும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். “எவன் அது, என் வூட்டுக்காரரு ஒதைக்கு லாயக்கில்லன்னு சொன்னது?”

இருபது பேரும் முதலாளியைப் பார்த்தோம். நாலரை மாதம் சேர்த்துவைத்த குரல். பாவம், அவர் கதவைச் சாத்திக்கொண்டார். கதவு அவ்வளவு தடுக்கவில்லை.

மேடம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். “தப்பு: புது ஸ்பாஞ்சு லாட், ஓரத்தில் மெலிசு. அதைக் கண்டுபிடிக்காத காரணம்: இடது உள்ளங்கால் (பாதி உதைக்கு மெலிந்த ஓரமும் நாலுதான் காட்டும்). சரியாகும் நாள்: பதினைந்து.” பதினாறாம் நாள் சாக்குத்தூளில் முழு விசிறி வந்தது. மாதிரிப் பேடில் பாய் “நாலு” என்றார். புழல் பேடை எடுத்து ஓரத்தில் ஒன்று விட்டேன். “ஏழு மாமு, ஏழு!” என்று முழங்கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார், சந்தோஷத்தில். முதலாளி மெஷின் படத்தை மடித்துவைத்தார். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அதைப் பிரிக்கவில்லை.

இப்போது பிரகாஷுக்கு வருவோம். மேடம் வேறு கம்பெனிக்குப் பெரிய பதவியில் போய்விட்டார். நானும் காதர் பாயும் போனோம். உதை என்றதும் ரெஜினாவும் துணைக்குக் கிளம்பிவிட்டாள், என் காலை அவள் இப்போது தனியாக எங்கும் அனுப்புவதில்லை. மெஷின் பளபளவென்று இருந்தது. இரும்புத் தூண், அதில் ஒரு நீளக் கை, கையின் நுனியில் ரப்பர் பாதம். பொத்தானை அழுத்தினால் கை வீசிப் பேடில் அடிக்கிறது, சிவப்பு எழுத்தில் எண் வருகிறது. பையன்கள் ஐந்து பேரும் அந்தக் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் அந்தக் கையைத்தான் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டினார்களாம்.

“அண்ணே, நீங்க ஒதைங்க. நாங்க எண்ண ஒப்பிட்டுப் பாக்குறோம்” என்றான் பிரகாஷ்.

“இருப்பா. மொதல்ல சாக்குத்தூளு எடுத்தா.”

மெஷினின் நாலு கால்களைச் சுற்றிலும் தூளைச் சலித்தேன். பொத்தானை அழுத்தச் சொன்னேன். கை வீசியது, அடித்தது. குனிந்து பார்த்தேன். வழவழச் சிமெண்டுத் தரையில் நாலு காலும் ஒரு விரல்கடை பின்னால் வழுக்கியிருந்தன. ஒவ்வொரு அடிக்கும் இந்த மெஷின் பின்வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் சுவர்ப்பக்கம் போய்விடும் போலிருக்கிறது, அப்புறம் எண் எப்படி ஒன்றாக வரும்? பையன்கள் திகைத்து நின்றார்கள். காதர் பாய் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரெஜினா எழுந்து வந்து, இடுப்பில் கைவைத்து, மெஷினின் காலை ஒரு பார்வை பார்த்தாள். காசிமேடு வரைக்கும் கேட்டிருக்கும்.

“இன்னாத்தடா முழிச்சுகினு நிக்கிறீங்க? அதுக்கு மொதல்ல செருப்பு வாங்கிப் போடுங்கடா!”